வலுப்படுத்துக, வலுவூட்டுக

எங்கள் வீட்டுக் கோழி நாளுக்கொரு முட்டை இடுகிறது. யுத்த காலத்து வெள்ளவத்தையில் அது தங்கம். கோழியை வாங்கினது நான். தவிடு போடுவது நான். கூடு கழுவுவதும் நான். முட்டை மட்டும் மச்சானுக்கு. இது என்ன நியாயம்?

மச்சான் என்றால் என் மனைவி நாகமணியின் அண்ணன் அழகர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பாதிக் கொழும்பு ஊருக்கு ஓடியது. இவர் மட்டும் ஊரிலிருந்து இங்கே வந்தார். விமானத் தாக்குதல் காவலர் உத்தியோகம். ஒரு இரும்புத் தொப்பி, ஒரு விசில். ஊரைக் காக்கிறவருக்கு முட்டை வேண்டுமாம்.

நான் அரசாங்கக் கந்தோரில் தமிழ் மொழிபெயர்ப்புக் கிளாக்கர். என் முட்டையைப் பேனாவாலேயே மீட்பதென்று தீர்மானித்தேன். குண்டு விழுந்தால் மேசைக்குக் கீழே ஒதுங்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் ஒன்று என்னிடம் வந்தது. 'மேசையை வலுப்படுத்துக' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் இல்லாத இன்னொரு வரியையும் கீழே சேர்த்துவிட்டேன்: 'குடும்பத் தலைவருக்கு வலுவூட்டுக.' அது அச்சாகியும் வந்துவிட்டது.

ஞாயிறு காலை அதை நாகமணியிடம் நீட்டினேன். அன்றைய முட்டை இன்னும் கோப்பையில்தான் இருந்தது.

"வலுப்படுத்துக, வலுவூட்டுக. ரெண்டும் ஒண்டுதானே?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக இந்தச் சொற்களோடு மாரடிக்கிறேன்.

"ஒண்டோ? ஆர் சொன்னது? வலுப்படுத்துறதெண்டா இருக்கிற வலுவை வெளியால இறுக்கிறது. ஆணி, பலகை, மண்மூட்டை. வலுவூட்டுறதெண்டா இல்லாத வலுவை உள்ளுக்குக் குடுக்கிறது. பால், முட்டை..."

"அப்ப, வலு இல்லாத ஆக்களுக்குத்தான் ஊட்டுறது?"

"ஓம். இப்பவாவது விளங்கிச்சே."

"அண்ணை, இஞ்ச வாங்கோ. இவருக்கு வலு இல்லையாம். தானே சொல்லுறார்."

அழகர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு முந்தியே தெரியும், தங்கச்சி. காத்தடிச்சா ஆள் பறந்திடும்."

"ஆருக்கு வலு இல்லை? இந்தப் பலா மேசையைத் தனியத் தூக்கிக் காட்டட்டோ?" என்று நான் எழும்பினேன்.

"அப்ப வலு இருக்கு," என்றாள் நாகமணி. "ஊட்டத் தேவையில்லை. இந்தாங்கோ சுத்தியல்."

மேசைக்குக் கீழே பலகை அடித்தேன். பிறகு கடற்கரையிலிருந்து தண்டவாளம் தாண்டி மண்மூட்டை சுமந்தேன். காவல் உத்தியோகத்தர் மச்சான் விசில் ஊதி எண்ணினார். எட்டாவது மூட்டையில் முதுகு பிடித்துக்கொண்டது. மேசை வலுப்பட்டது. நான் படுத்துவிட்டேன்.

வெட்கத்தை விட்டேன். "நாகமணி, எனக்குத் துப்பரவா வலு இல்லை. என்ர வாயாலேயே சொல்லுறன். அந்த முட்டை..."

"பாவம். முட்டை உங்களுக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை மாதத்துப் பசி.

"குப்புறப் படுங்கோ," என்றாள்.

"குப்புறப் படுத்து எப்பிடிச் சாப்பிடுறது?"

"சாப்பிடவோ? வெளியால இறுக்கிறதுதானே வலுப்படுத்துறது. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொல்லிக்கொண்டே வெள்ளைக்கருவை அடித்து என் முதுகில் பற்றுப் போட்டாள். குளிர்ந்தது. காய்ந்து இறுகவும் தொடங்கியது.

"அப்ப மஞ்சள்கரு?" என்றேன், தலையணைக்குள் முகத்தை வைத்தபடி.

குசினிக்குள்ளிருந்து அழகர் ஏப்பம் விட்டார்.