பல்கலைக்கழகத்துக்குப் பொட்டு வைத்த தெரு

வருஷம் முழுக்க நாம் ஒழுங்காக இருப்போம், மேலதிகாரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நம் மானம் கப்பலேறுகிற அன்றைக்குப் பார்த்து டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கப்பல் மலாக்காவில், காஜா பேராங்கில், எங்கள் தெருவிலிருந்தே புறப்பட்டது.

மலாயா விடுதலை பெற்று மெர்டேக்கா முழங்கிய புதிது. நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான், அதிலும் பெண். அப்பா ரப்பர் கிடங்கு ஒன்றில் லாரி ஓட்டினார். "எம் பொண்ணு சிங்கப்பூர்ல படிக்குது" என்பதை அவர் சிக்னலில் நின்றால் பக்கத்து லாரிக்காரனிடமும் சொல்வார். நானும் சும்மா இருந்தேனா? விடுமுறைக்கு வந்தால் கையில் ஒரு தடிப் புத்தகம் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டேன். (தேங்காய் வாங்கப் போகிறவளுக்குப் புத்தகம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.)

ஒரு விடுமுறையில் எங்கள் பல்கலைக்கழக நூலகம் மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பை அறிவித்தது. விருப்பமுள்ளவர்கள் நூலகத்திலிருந்து இரண்டு பெட்டி புத்தகங்களைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போய் ஒரு நாள் கண்காட்சி நடத்தலாம். சாதாரண மக்கள் வந்து புத்தகங்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் படிக்க வேண்டும். நூலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்வையிடுவார். யார் நடத்தியது சிறப்போ அவருக்கு நூலகத்தில் மாணவர் உதவியாளர் வேலை. அந்த வேலையில் இருந்தவர்களைத்தான் பிறகு நூலகர் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

எனக்கு அந்த வேலை மேல் பைத்தியம். டாக்டர், டீச்சர் எல்லாம் மற்றவர்கள் ஆகட்டும். அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிற இடத்தில் சாவிக்கொத்தோடு நடக்கிற ஒருத்தியாக நான் ஆக வேண்டும். கனவில் அந்தச் சாவிக்கொத்தின் சத்தம்கூடக் கேட்கும்.

கண்காட்சி நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நான் யோசித்தேன், யோசித்தேன், மூளை சூடாகும்வரை யோசித்து சரஸ்வதி பூஜை நாளைத் தேர்ந்தெடுத்தேன். கல்விக்கு உரிய தெய்வத்தின் நாள், புத்தகக் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நம் வீடுகளில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிடுவார்கள், அன்றைக்கு யாரும் தொட்டுப் படிக்கக் கூடாது. சின்ன வயதில் தீபாவளியைவிட அந்த நாளைத்தான் நான் உயிராக நினைத்தேன். காரணம் அதேதான், படிக்க வேண்டாம்! அப்பேர்ப்பட்ட நாளில் ஊரையே கூட்டிப் படிக்க வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவள் நான். இரண்டு வருஷப் பல்கலைக்கழகப் படிப்பு ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் பாருங்கள்.

அம்மா மட்டும், "அன்னைக்கு பூசைடி தனம்" என்று இழுத்தாள்.

"பூசைன்னா நல்லதுதானேம்மா. நெறைய பேரு வருவாங்க" என்றேன்.

"என்னமோ, படிச்ச புள்ள நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கடலை ஊற வைக்கப் போய்விட்டாள்.

கோயில்காரர்கள் தங்கள் சின்ன மண்டபத்தைக் கொடுத்தார்கள். முதல் நாள் மாலையே மேசைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வரலாறு ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று புத்தகங்களை அடுக்கினேன். வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்களிடம், "இதெல்லாம் சாதாரணப் புத்தகம் இல்லை, பல்கலைக்கழகத்துப் புத்தகம். மரியாதையா நடந்துக்கணும்" என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அதை அவர்கள் சிரத்தையோடு கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு சிரத்தை என்பது மறுநாள்தான் தெரிந்தது. சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

பார்வையிட வந்தவர் மிஸ்டர் தம்பையா. நூலகத்தில் எங்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம் அவர். யாழ்ப்பாணத்துக்காரர் என்று கேள்வி, ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து யாரும் கேட்டதில்லை. பேசுவது ஆங்கிலம், அதுவும் சிக்கனமாக. பென்சிலால் புத்தகத்தில் ஒரு கோடு போட்டவனை ஒரு படிப்புத் தவணை முழுக்க நூலகத்துக்குள் விடாத மனிதர்.

அவர் முதல் நாளே வந்து கிளேபாங்கில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் நான் பஸ் பிடித்துப் போய் அவருடைய காரில் வழிகாட்டியாக ஏறிக்கொண்டேன்.

வழியில், "எனக்கு அலங்காரம் முக்கியமில்லை, மிஸ் தனலெட்சுமி. சாதாரண மனிதர் ஒருவர் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்கள் தெருவே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சார்" என்றேன் நான். (நாக்கில் சனி.)

மண்டபத்தை நெருங்கினால் அப்படியொரு கூட்டம்! என் மனசு குதித்தது. மண்டபத்துக்கு வெளியே அப்பாவின் லாரி, முகப்பில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, எங்கு பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜை அல்லவா, அது வழக்கம்தான். வாசலில் செருப்புகள் மலைபோல் கிடந்தன. உள்ளே சாம்பிராணிப் புகை. மிஸ்டர் தம்பையாவுக்கு முன்னால் காரிலிருந்து குதித்தேன்.

உள்ளே போனேன். மேசைகளைக் காணோம். வரலாற்றைக் காணோம், விஞ்ஞானத்தைக் காணோம். மண்டபத்தின் நடுவே மனைப்பலகை, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் பல்கலைக்கழகத்தின் இரண்டு பெட்டிப் புத்தகங்களும் கோபுரமாக அடுக்கப்பட்டு, உச்சியில் சரஸ்வதி படம், கழுத்து நிறைய மல்லிகை. முன்னால் பொரி, அவல், சுண்டல், மளிகைக்கடைச் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பழங்கள். இதெல்லாம் போகட்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம்! முன்னட்டையில் ஒன்று, பின்னட்டையில் ஒன்று, முதுகில் ஒன்று.

"அப்பா! என்னப்பா இது?"

அப்பா வேட்டி சட்டையில், முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "லாரிக்கு வெச்சேன் பாப்பா. இரும்புக்கே வெக்கிறோம், ஒன் புத்தகத்துக்கு வெக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? முன்னால பின்னால எல்லாம் வெச்சிட்டேன், ஒண்ணு விடல."

அதாவது பம்பருக்கு வைக்கிற கணக்கில் வைத்திருக்கிறார்! பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று தோன்றியது. காஜா பேராங் பூமி அசையவேயில்லை.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். மிஸ்டர் தம்பையா வாசலில் நின்றிருந்தார். செருப்பு மலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டையும் கோட்டுமாக வெறுங்காலில் உள்ளே வந்தார்.

"மிஸ் தனலெட்சுமி, வாசகர்கள் எங்கே?" ஆங்கிலம். அதே பனிக்கட்டிக் குரல்.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டம் கைகூப்பி நின்றது. ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை.

அவர் பூஜைக்கு முன்னால் போய், கோபுரத்தின் ஓரத்திலிருந்த வெளிர் நிற அட்டைப் புத்தகம் ஒன்றை நோக்கிக் கையை நீட்டினார். பாலம் கட்டுவதைப் பற்றிய புத்தகம் அது.

"ஜங்கான் பெகாங்!" என்று ஒரு குரல். தொடாதே என்று மலாயில் அதட்டியவர் பக்கத்து வீட்டு மக்சிக் மீனாட்சி. (மக்சிக் என்றால் மலாயில் அத்தை.) மலாக்கா செட்டிக் குடும்பம், எங்களைவிடப் பல தலைமுறை மூத்த மலாக்காக்காரர்கள். தமிழ் வராது, ஆனால் சாமி விஷயத்தில் எங்கள் தெருவுக்கே சட்டாம்பிள்ளை. மலாய்ப் பாணியில் கெபாயாச் சட்டை, சாரோங், கொண்டையில் ஊசி, கையில் விசிறி. அந்த விசிறியால் மிஸ்டர் தம்பையாவின் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

பென்சில் கோட்டுக்கே ஒரு தவணைத் தண்டனை கொடுத்தவர் கையில் விசிறி அடி! என் நூலக வேலை, பயிற்சி, சாவிக்கொத்து எல்லாம் சாம்பிராணிப் புகையோடு ஜன்னல் வழியே போவதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பா அவசரமாக முன்னால் வந்து கும்பிட்டார். "ஐயா மன்னிச்சிக்கணும். அந்தம்மா தப்பா ஒண்ணும் நெனைச்சி அடிக்கல. ஆனா இன்னைக்குத் தொறக்கக் கூடாதுங்க ஐயா. நாளைக்கு வாங்க."

"இது பல்கலைக்கழகப் புத்தகம்" என்றார் அவர்.

"அதனாலதாங்க ஐயா."

மண்டபம் கப்சிப். நூலகத்தில் அவர் விரலைத் தூக்கினால்கூட அப்படியொரு அமைதி வந்ததில்லை. அவர் தன் கையைத் தடவிக்கொண்டு அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அதுவரை கேட்டிராத ஒரு தமிழ் வெளியே வந்தது.

"பிள்ளை, நான் ஏழு வயசில இப்பிடித்தான் தொடப் போனனான். அம்மா அகப்பையால அடிச்சவா. இவ பரவாயில்லை, விசிறிதான்."

சொல்லிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா சுண்டல் கொடுத்தாள். சாப்பிட்டார். இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, திரும்பிய அந்தப் பாதி உயிரையும் வாங்கினார்.

"சுண்டல் நல்லா இருந்தது. ஆனா கறை கறைதான், பிள்ளை. நான் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வேணும். நாளைக்குக் காலமை வாறன்."

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு வரியாவது படித்தே தீர வேண்டிய நாள். விடியும்போதே மண்டபத்தில் தெரு கூடிவிட்டது. குளித்துத் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, வரிசையில் நின்றார்கள். தமிழ் தெரிந்தவர்கள், மலாய் மட்டும் தெரிந்தவர்கள், எதுவும் தெரியாதவர்கள். புத்தகங்களோ அத்தனையும் ஆங்கிலம். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மடியில் வைத்துத் திறந்தார்கள். மக்சிக் மீனாட்சிக்குத் தாவரவியல் கிடைத்தது. ஒவ்வொரு செடிப் படத்துக்கும் மலாயில் பேர் சொல்லிக்கொண்டே புரட்டினார்.

அப்பா கையில் அந்தப் பாலப் புத்தகம். அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து, எம். மலாக்கா வண்டிகளின் நம்பர் பலகை அந்த எழுத்தில்தான் தொடங்கும். லாரிக்கு முன்னாலும் பின்னாலும் தினம் துடைக்கிற எழுத்து.

"தனம், இதோ எம்மு! நம்ம லாரி!" என்றார். பக்கம் திருப்பினார். "இங்கயும் ஒண்ணு. இங்க பாரு, ரெண்டு லாரி நிக்குது!" சத்தமாக, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற குழந்தைபோல் பக்கம் பக்கமாகப் போனார். முதல் நாள் அவரை என் அப்பா என்று சொல்லவே கூசியவள் நான். அன்றைக்கு அந்த மண்டபத்தில், இவர்தான் என் அப்பா என்று கூவ வேண்டும்போல் இருந்தது. கூவவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த எம்மைத் தேடினேன்.

மிஸ்டர் தம்பையா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். கிளம்பும்போது ஷூவை மாட்டிக்கொண்டே, "உம்மட தகப்பன் புத்தகத்தை இன்னும் கீழ வைக்கேல்லை" என்றார், அவ்வளவுதான்.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. சுத்தபத்தமாகக் கண்காட்சி நடத்திய வேறொரு மாணவனுக்குப் போயிற்று. அழுதேன், மறைப்பானேன். எனக்குக் கிடைத்தது தண்டனை. நூலகத்தின் பழுதுபார்க்கும் அறையில் உட்கார்ந்து, காய்ந்த ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி ஒவ்வொரு கறையாக எடுக்க வேண்டும். எடுத்தேன். எடுக்க வராத அட்டைகளைப் பிரித்துப் புது அட்டை கட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு தையல், பிறகு பசை காய்ச்சுவது. கறையெல்லாம் தீர்ந்த பின்னும் அந்த அறையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை, மிஸ்டர் தம்பையாவும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது, "அந்தப் பெண் ஏற்கெனவே வேலையில்தானே இருக்கிறாள்" என்றாராம். ஆங்கிலத்தில்தான்.

நான் சாவிக்கொத்தோடு நடக்கத் தொடங்கிய பிறகு அப்பா ஒரு முறை நூலகத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவே கைகட்டி, மெதுவாக, ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். பாலப் புத்தகம். அதன் முதுகில் இருந்த குங்குமத்தை மட்டும் நான் ரொட்டியால் தொட்டதில்லை.

"தனம்! இதோ நம்ம புத்தகம்!" நூலகம் முழுக்க எதிரொலித்தது. படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். விரலை உதட்டில் வைத்து அடக்க வேண்டியது என் உத்தியோகம். நான் வைக்கவில்லை. "ஆமாப்பா, நம்மதுதான்" என்றேன், நானும் சத்தமாக.

எங்கள் குடும்பத்தில் யாரிடமாவது எதையாவது கேட்டு அவர்களுக்குக் கொடுக்க மனமில்லை என்றால், இன்றைக்கும் பதில் ஒன்றுதான்: "இன்னைக்குத் தொறக்கக் கூடாதுங்க ஐயா, நாளைக்கு வாங்க!" பணப்பெட்டிக்கும் அதுதான், பலகார டின்னுக்கும் அதுதான். போன சரஸ்வதி பூஜைக்குத் தம்பி மகள் தன் புத்தம் புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பூஜையில் வைத்தாள். குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டி, "அத்தை, ஓரமா, சின்னதா, கறை படாம" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முன்னால் ஒன்று வைத்தேன், பின்னால் ஒன்று வைத்தேன். பம்பர் கணக்குதான்.