நயினாதீவில் இருக்க விசா கேட்டவர்

எண்பத்தைந்தாம் ஆண்டில் நயினாதீவில் விசா என்ற சொல் தெரியாத பிள்ளை கிடையாது. ஜெர்மனிக்கு, பிரான்சுக்கு, கனடாவுக்கு என்று வெளியில் போவதற்குத் தீவே விசா தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தீவுக்குள் இருப்பதற்கு விசா தேடிய மனுசர் உலகத்திலேயே ஒருவர்தான். ஊர் அவரை விசா மாஸ்ரர் என்றது.

மலாயாவில் ரெயில்வே ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்தவர். மனைவி இறந்தபின் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில், ஐம்பது தாண்டியும் கலியாணம் செய்யாமலிருந்த எங்கள் ஊர் ரீச்சரைக் கண்டு இரண்டாந்தாரமாக முடித்துக்கொண்டார். தாய் தகப்பன் யாழ்ப்பாணம்தான். ஆனால் கையில் இருந்தது மலேசியப் பாஸ்போட். அதனால் வருசாவருசம் கொழும்புக்கு எழுதி விசாவைப் புதுப்பிக்க வேண்டும். நான் அப்போது தபால் கந்தோரில் கிளாக்கர். அவருடைய கடிதமெல்லாம் என் கையால்தான் போய் வரும்.

விசாவில் எழுதியிருந்தபடிதான் மாஸ்ரர் மூச்சே விடுவார். விலாசம் மாறினால் அறிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. புங்குடுதீவில் ஒரு கலியாணவீட்டில் ஓரிரவு தங்குவதற்கும் ஊர் அதிகாரியான விதானையாருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்தார். விதானையாரும் அதே கலியாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவர் இடது கையால் கடிதத்தை வாங்கி, மடியில் செருகிக்கொண்டு, பாயாசத்தைக் குடித்து முடித்தார்.

இன்னொரு விதி, வேலை செய்யக் கூடாது. அதுதான் வினையாகியது. ஒருநாள் கடற்கரையில் வள்ளம் இழுக்க ஆள் போதாமல் மாஸ்ரரையும் கூப்பிட்டார்கள். சம்பளம் உண்டோ என்று கேட்டார். இல்லை என்ற பிறகுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். வள்ளக்காரர் சந்தோசத்தில் இரண்டு பாரைமீனை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ரீச்சர் வெட்டிக் கழுவி, தேங்காயும் துருவிவிட்டா. குளித்துவிட்டு வந்த மாஸ்ரர், இது கூலி, அந்நிய நாட்டவன் வாங்கினால் குற்றம் என்று, வெட்டின மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார். சட்டி வீடு திரும்பவில்லை. போய்க் கேட்க ரீச்சருக்கு வெட்கம்.

ரீச்சர் துருவின தேங்காயைக் கோழிக்குப் போட்டா. அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவே இல்லை.

அடுத்த கிழமை விசா விண்ணப்பம் அனுப்பும் நாள் வந்தது. கணவர் தன்னோடு இருப்பதைத் தான் விரும்புவதாக மனைவி தன் கையால் எழுதிய கடிதம் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மற்ற வருசங்களில் கேட்க முன்னமே எழுதி வைத்திருப்பா. இந்த முறை மாஸ்ரர் வைத்த வெறுந்தாள் மூன்று நாள் மேசையில் அப்படியே கிடந்தது.

நாலாம் நாள் காலை அவர் கந்தோருக்கு வந்து, மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் தம்பிக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்றார். வருகிறேன் என்று ஒரே சொல். ஏன் என்று கேட்டேன்.

"அவ விரும்பேல்லை எண்டால் நான் இஞ்சை இருக்கேலாது, பிள்ளை. சட்டம் அப்பிடித்தான்."

ரெயில் பிந்துகிறது என்று பயணிக்கு அறிவிக்கிற குரல்தான். ஆனால் விதி தவறாத மனுசர் தந்திப் படிவத்தில் விலாசம் எழுதாமலே நீட்டினார்.

தந்திக் கம்பி வேலை செய்யவில்லை என்று பொய் சொன்னேன். அந்த நாட்களில் யாரும் நம்பக்கூடிய பொய். பின்னேரம் கந்தோரைப் பூட்டிவிட்டு ரீச்சர் வீட்டுக்குப் போனேன். மாஸ்ரர் லோஞ்சு நேரம் விசாரிக்க இறங்குதுறைக்குப் போயிருந்தார். ரீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தா. தந்தி விசயத்தைச் சொன்னதும் சிவப்புப் பேனை நின்றது.

"மனுசன் காலமை சாப்பிடாமல் போனது," என்றா. பிறகு அந்த வெறுந்தாளைத் தன் பக்கம் இழுத்தா.

மறுநாள் மாஸ்ரர் கடிதத்தை என் முன்னால் விரித்தார். ஒரு வரி போதுமான இடத்தில் ஒரு பக்கம் இருந்தது. பாரைமீன் இருந்தது, சட்டி இருந்தது, ரெயில் நேரம் மாதிரித் தேத்தண்ணி நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியதும் இருந்தது. கடைசியில் இப்படி: "இவ்வளவு இருந்தும் இவர் இல்லாமல் எனக்கு ஏலாது. ஒரு வருச விசா காணாது. தரக்கூடிய அளவு தாருங்கோ."

கொழும்புக்கு அனுப்ப ஒற்றை வரியில் வேறொரு கடிதம் எழுதி வாங்கியிருந்தார். அதை விண்ணப்பத்தோடு பதிவுத் தபாலில் போட்டார். இதை அனுப்பவில்லை.

"இது எனக்கு வந்த கடிதம், பிள்ளை. இதிலை ஒரு சீல் அடிச்சுத் தாரும்."

தபாலில் வராத, முத்திரை ஒட்டாத கடிதத்தில் சீல் அடிப்பது விதிக்கு முரண். அது அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சீலை மையில் இரண்டுதரம் ஒற்றி, திகதி தெளிவாக விழட்டும் என்று நன்றாக அழுத்தி அடித்தேன்.