புலவர் சாப் நிறுத்திய கப்பல்

அந்தமான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் புலவர் சாப் மாதிரி ஒரு ஆசாமி கிடைக்கமாட்டார். ஒரே ஆயுசில் வாத்தியார், சிப்பாய், அரசியல்வாதி மூன்றும் ஆனவர். மூன்றாகவும் ஒரே நேரத்தில் இருப்பார், அதுதான் வில்லங்கம்.

மெயின்லேண்டில் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவர். போர்ப் பாட்டு ஒன்றை உருகி உருகிச் சொல்லும்போது, சார் சண்டையை நேரில் பார்த்திருக்கீங்களா என்று கடைசி பெஞ்சில் ஒருத்தன் கேட்டுவிட்டான். மனுஷன் அடுத்த மாசமே பட்டாளத்தில். சுபேதாராக ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான எங்கள் லாங் ஐலண்டு தீவுக்கு வந்தார். நாங்களும் சும்மா இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர், அதாவது பிரதான் ஆக்கிவிட்டோம்.

கூட்டத்தில் 'சாவ்தான்' என்பார், ஊரே விறைத்து நிற்கவேண்டும். வேலித் தகராறு என்று போனால் ரெண்டு பேரையும் கப்பல் நிற்கும் ஜெட்டி வரை மார்ச் பண்ணவைப்பார். திரும்பி வரும்போது மூச்சு வாங்குமே தவிர கோபம் இருக்காது. தீர்ப்பைச் செய்யுளில் சொல்வார். தமிழே தெரியாத பெங்காலிக்காரர்கள்தான் ரசித்துக் கை தட்டுவார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் மனைவிக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கு, உடனே போர்ட் பிளேர் போகணும் என்று நர்ஸ் கையை விரித்துவிட்டார். மழையில் போன் டவர் படுத்துவிட்டது. சின்னப் படகு போகிற கடலா அது? கப்பல் வரும், ஆனால் எங்கள் ஜெட்டியில் நிற்காத நாள். நின்று கை ஆட்டினால் டாட்டா என்று நினைத்து அவர்களும் ஆட்டிவிட்டுப் போவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புலவர் சாப் விசிலை ஊதினார். மொத்த ஊரும் ஜெட்டியில் வரிசை கட்டியது. வெள்ளைச் சட்டைகள் முன்னால், லுங்கிகள் பின்னால். கொடி, மாலை, பள்ளிக்கூட டிரம். கொட்டுகிற மழையில் ராணுவ மரியாதை! யாரோ பெரிய அதிகாரி ஏறப்போகிறார், நமக்குத்தான் தகவல் வரவில்லை என்று பதறிய கப்பல் மாஸ்டர், கப்பலை ஜெட்டிக்கே திருப்பிவிட்டார். மாஸ்டர் தூத்துக்குடிக்காரர்.

"வி.ஐ.பி. எங்கய்யா?"

புலவர் சாப் ஸ்ட்ரெச்சரில் கிடந்த என் மனைவியைக் காட்டினார்.

"உள்ள இருக்காங்க. இன்னும் பேர் வைக்கல."

மாஸ்டர் முறைத்தார். அப்புறம் தன் கேபினையே காலி பண்ணிக் கொடுத்தார்.

தாயும் மகளுமாக நல்லபடி ஊர் திரும்பினோம். புலவர் சாப் குழந்தையைக் கையில் வாங்கினார். அத்தனை பேரை விரட்டிய மனுஷன் திருப்பித் தர மனசில்லாமல் வீடு வரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அப்பா இல்லை. இப்போது அந்தக் குறை ரெண்டு பேருக்குமே இல்லை.