கிளச் இல்லாத வண்டி

“கிளச் எங்க?”

வெள்ளை டபுள் கெப் வண்டியின் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்த புண்ணியமூர்த்தி கேட்ட முதல் கேள்வி இதுதான். அக்கரைப்பற்று வாகனக் கடையின் தகரக் கொட்டகைக்குள் நின்ற அச்சிமுகம்மது, கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்த விலையைப் பாதியில் விட்டார். இந்த மனிதர் இன்னும் கால் மணித்தியாலம் பிந்தி வந்திருந்தால் எல்லாம் பேசி முடிந்திருக்கும்.

“இது ஓட்டோமெற்றிக், மூர்த்தி. கியர் தானா மாறும்.”

“ஓட்டோவா? ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

புண்ணியமூர்த்தி மெல்ல நிமிர்ந்தார். சாவு வீட்டு வாசலில் நிற்பவரைப் போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “அச்சி, உனக்கு ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார்.

அப்படிக் கேட்டதில் குற்றமில்லை. அச்சிமுகம்மது சாய்ந்தமருதுக்காரர், புண்ணியமூர்த்தி காரைதீவுக்காரர். இருவருக்கும் வயல் இறக்காமத்துப் பக்கம் ஒரே வட்டையில், ஒரே வயல்வெளியில். இளந்தாரிகளாக இருந்தபோது, பெரிய வெள்ளத்துக்குள்ளால் நெல் மூட்டை ஏற்றிய லொறிகளை ஆளுக்கொன்றாக ஓட்டிக் கரை சேர்த்தவர்கள். “கியரெண்டா ரெண்டு பேர்தான்” என்று வட்டையில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த இருவரில் ஒருவர் கிளச் இல்லாத வண்டி வாங்குவதென்றால் அது சின்ன விசயமா?

உண்மைக் காரணத்தை அச்சிமுகம்மது சொல்ல முடியாது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி ஜுனைதா, “மத்தச் செருப்பு எங்க?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தார். வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது செருப்பு வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. கால் அவருக்கு அறிவிக்கவில்லை. சீனி வருத்தத்தால் கால் விறைத்திருக்கிறது என்றார் டொக்டர். “உங்கட இடது காலுக்கு மிதிச்சதும் தெரியாது, மிதிக்காததும் தெரியாது. மோட்டச் சைக்கிளும் வேணாம், கிளச் வண்டியும் வேணாம்.” அதற்கு முந்திய கிழமைதான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, நாய் குறுக்கே பாய்ந்ததாக ஊருக்குச் சொல்லியிருந்தார். அந்த நாயின் நிறத்தைக்கூடச் சொல்லியிருந்தார்.

அவர் பதினெட்டு வருடமாக வட்டை விதானை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, என்றைக்கு விதைப்பது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையை மேய்ந்தது என்று தீர்த்துவைக்கிற ஆள். மாரிக்கு முன்னால் விவசாயிகள் கூடிக் கைதூக்கி விதானையைத் தெரிவு செய்வார்கள். அடுத்த கிழமை அந்தக் கூட்டம். அவருக்கு முன்னால் இருந்த விதானைக்குக் கண் மங்கியபோது, “நீங்க வீட்டில ஆறுதலா இருங்க” என்று எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் வட்டைப் பக்கம் வரவேயில்லை. வீட்டு வாசலில் கதிரை போட்டு, போகிற வருகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருந்தார்.

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இரிக்கன்” என்றார் அச்சிமுகம்மது. “சேத்துக்க கியர் மாத்தக்குள்ள இழுவை ஒரு நொடி அறுபடும். அந்த நொடியிலதான் சில்லு புதையிற. ஓட்டோவில இழுவை அறுபடா.”

மூன்று நாளாகக் கைபேசியில் பார்த்துப் பாடமாக்கியது.

“சரி. குளக்கட்டால இறங்கக்குள்ள வண்டிய ஆர் பிடிக்கிற? கியரெண்டா ரெண்டாவதப் போட்டு விட்டா மாடு மாதிரி அடங்கி இறங்கும்.”

“ஓட்டோவையும் சின்ன இலக்கத்தில போட்டா அடங்கும்.”

“பெற்றறி செத்தா? தள்ளி ஸ்டாட் எடுக்க ஏலுமா? யானை பின்னால நிண்டு தள்ளினாலும் உன்ட ஓட்டோ எடுபடாது.”

கடைக்காரர் சிரித்தார். கூட வந்திருந்த ஜுனைதாவின் தம்பி றமீஸும் சிரித்தான். யானைக்குப் பதில் சொல்லக் கைபேசியில் யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. அச்சிமுகம்மது தடுமாறி, வாயில் வந்ததைச் சொன்னார்.

“உண்மை என்னண்டா, ஜுனைதா வண்டி ஓடப் பழகப் போறா.”

அன்றைக்குப் பின்னேரமே புண்ணியமூர்த்தி தன் பழைய ஜீப்பில் சாய்ந்தமருதுக்கு வந்து, சிவப்பில் ‘எல்’ எழுதிய இரண்டு பலகைகளை ஜுனைதாவின் கையில் கொடுத்தார். “சந்தோசம் தங்கச்சி. ஆனா கியரில பழகுங்க. ஓட்டோவில பழகினா அது ஓட்டமில்ல, சவாரி” என்று சொல்லிவிட்டு, கியர்க் கம்பை ஒரு சுண்டுச் சுண்டி, ஒழுங்கை முனையில் லாவகமாகத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜுனைதா பலகைகளை மேசையில் வைத்தாள்.

“இது என்ன?”

“அது... ஒரு கதைக்குச் சொன்ன.”

“எனக்குத் தையல் மெசின் மிதிக்கவே முழங்கால் நோகுது. உள்ளதச் சொல்லுங்களேன். கால் ஏலாண்டு சொன்னா என்ன குறையப் போகுது?”

“விதானை வேல குறையும்.”

“அப்ப என்னை விதானையாக்குங்க. ஓடவும் நான்தானே போறன்.”

சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் றமீஸைக் கூப்பிட்டு, “உன்ட ராத்தா ஓட மாட்டாவாம், நான்தான் ஓடுற. சேத்துக்கு ஓட்டோதான் திறம், மூர்த்திக்கு நீயே விளங்கப்படுத்து” என்றார். றமீஸ் உதவி செய்வதற்கென்றே பிறந்தவன். அதுதான் அவனிடமிருந்த ஆபத்து. அவன் அக்கரைப்பற்றுக்குப் போய்க் கடைக்காரரைப் பிடித்தான். அங்கே வெள்ளை ஓட்டோவுக்குப் பக்கத்தில், அதே இனத்தில் சாம்பல் நிறக் கெப் ஒன்று கியரோடு நின்றது. இரண்டையும் சனிக்கிழமை காலையில் வட்டைப் பாதைக்குக் கொண்டுவரச் சம்மதம் வாங்கினான். பிறகு வட்டை விவசாயிகளின் கைபேசிக் குழுவில் குரல் பதிவு போட்டான். “ஓட்டோவா கியரா எண்டு விதானையார் சேத்துக்க ஓடிக் காட்டப் போறார். எல்லாரும் வாங்க.”

அச்சிமுகம்மது அதைத் தொழுகைக்குப் போகும் வழியில் கேட்டார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது இடது காலை மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை கழுவினார். ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரேயொரு வழிதான் தெரிந்தது. புண்ணியமூர்த்திக்கு அழைப்பெடுத்தார்.

“மூர்த்தி, ஓட்டோவ நான் ஓடுறன். கியர் கட்சிக்கு நீ. சாம்பல் கெப்ப நீயே ஓடு.”

புண்ணியமூர்த்தி அவசரமாக மறித்தார்.

“இரவல் வண்டி எனக்கு வேணாம். என்ட ஜீப்பக் கொண்டு வாறன்.”

சனிக்கிழமை, முதல் மழை பெய்து இரண்டு நாள். வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் உழவு மெசின்கள் போய் வந்து நூற்றைம்பது அடி நீளத்துக்குச் சேறு களியாகிக் கிடந்தது. நாற்பது பேருக்குக் குறையாமல் வரம்பில் நின்றார்கள். வண்டிகளைப் பார்த்துச் சொல்ல றமீஸ், பாண்டிருப்பு மெக்கானிக் குணத்தையும் கூட்டி வந்திருந்தான். வட்டையிலுள்ள அத்தனை இயந்திரமும் அவன் கைபட்டதுதான்.

“குணம், நீ சொல்லு. எது திறம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது ஓடுறவரப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டுக் குணம் எதையோ துடைக்கத் தொடங்கினான்.

அச்சிமுகம்மது பிஸ்மில்லாஹ் சொல்லி வெள்ளைக் கெப்பில் ஏறினார். நாலு சில்லும் இழுக்கிற விசையைப் போட்டார். வலது கால் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாற்பது சோடிக் கண்கள் தன் இடது காலையே பார்ப்பதாக ஒரு எண்ணம். நடுச் சேற்றில் அந்த எண்ணம் முற்றி, வேகத்தைக் குறைத்தார். வண்டி நின்றது. பயந்துபோய் ஒரே மிதியாக மிதித்தார். சில்லுகள் நாலும் சுழன்று அச்சுவரை புதைந்தன. உழவு மெசின் கட்டித்தான் இழுத்தார்கள்.

அடுத்து புண்ணியமூர்த்தியின் ஜீப். அது போன போக்கைச் சொல்ல வேண்டும். நிதானமாக இறங்கியது. சேற்றில் ஒரு இடத்திலும் திக்கவில்லை, இழுவை அறவில்லை. அவர் ஒரு கையால் ஸ்டியரிங் வளையத்தையும் மறு கையால் கியர்க் கம்பையும் பிடித்து, ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று மாற்றிய அழகைப் பார்த்து வரம்பில் நின்றவர்கள் கை தட்டினார்கள். போனவர் திரும்பியும் வந்தார்.

“பாத்தியா அச்சி? இதுதான் கியர்.”

“விதானையார், கியரையே எடுங்க” என்றார் ஒருவர். “நம்மட விதானைக்கு ஓட்டோவா, வெக்கக்கேடு” என்றார் இன்னொருவர். றமீஸ் சாம்பல் கெப்பின் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தான். “ஓடிப் பாருங்க மச்சான்.”

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சிமுகம்மது ஏறி உட்கார்ந்தார். இடது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்து, அதைக் கையால் தூக்கிக் கிளச்சின் மேல் வைத்தார். மிதித்தார், அல்லது மிதித்ததாக நினைத்தார். கியர் கரகரவென்று அலறியது. வண்டி ஆட்டுக் கிடாய் போல ஒரு துள்ளுத் துள்ளியது, இரண்டாவது துள்ளலில் திசை மாறியது, மூன்றாவதில் வரம்பில் நின்றவர்கள் சிதறி ஓட, மூக்குக் குப்புற வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேறிய அச்சிமுகம்மது, எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். இனி நாய் குறுக்கே பாய்ந்தது என்று சொல்ல ஏலாது.

“மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றார். “என்ட இடது கால் செத்துப் போய் நாலு மாசம். சீனி. கிளச் மிதிக்க ஏலா. உங்களுக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போடுவீங்க எண்டுதான் மறைச்ச. கூட்டத்தில வேற ஆளத் தெரிஞ்செடுங்க.”

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. பிறகு ஒரு வயதான விவசாயி தொண்டையைச் செருமினார்.

“விதானைக்கு வாய்தானே வேணும். காலால என்னத்த, வாய்க்கால் வழக்கா தீர்க்கிற?”

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். “வெள்ளைய எடுங்க விதானையார், நாங்க தள்ளி விடுறம்” என்றார்கள். றமீஸ் அழுதே விட்டான். அச்சிமுகம்மதுக்குப் பதினெட்டு வருடத்தில் அப்படியொரு ஆறுதல் வந்ததில்லை.

ஆனால் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. புண்ணியமூர்த்தி. அவர் முகம் கறுத்து, நண்பனைப் பாராமலே திரும்பி நடந்து, தன் ஜீப்பில் ஏறி, வளையத்தைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டு இருந்தார். நாற்பது வருடச் சிநேகிதம். ஒரு ஆறுதல் சொல்லுக்குமா வழியில்லை? மறைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

வாய்க்காலுக்குள் கிடந்த கெப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த குணத்துக்குப் பக்கத்தில் அச்சிமுகம்மது போய்க் குந்தினார்.

“கண்டியா குணம், மூர்த்தி என்னை அறவே வெறுத்துப் போட்டான்.”

குணம் முடிச்சை இறுக்கினான். ஜீப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“வெறுப்பில்ல விதானையார், மூணு வருசத்துக்கு முந்தி அவர்ட கால் விறைச்சுப் போகக்குள்ள அந்த ஜீப்புக்கு ஓட்டோ கியர் பெட்டி போட்டது நான்தான், அந்தக் கியர்க் கம்பு சும்மா ஆட்டுறதுக்கு.”