கந்தப்பர் பெயர் திரையேறு படலம்

மேற்கு மலை இரண்டாய்ப் பிளந்து வழிவிட்ட கணவாயின் கீழ்வாசலில், வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் ஆரன் ஒலியே முரசொலியாய் அதிரும் நன்னாட்டில், நான்கு ஏக்கர் தென்னைக்கு நாயகர், இரண்டு கறவைக்குக் காவலர், ஓடமாட்டேன் என்று முரண்டுபிடிக்கும் மோட்டாரையும் ஒரே தட்டில் ஓடவைக்கும் ஒண்டிவீரர் கந்தப்பர் நீடு வாழ்க! அவர்தம் போர்த்திறம் பாடப் புகுந்த எம் நாவில், கலைமகளே, சற்றே வந்து அமர்க. வேலை அரைமணி நேரம்தான்.

பாடகர் குடும்பமொன்றின் கதையை வாரத்துக்கொரு புதுப்பாட்டோடு சொல்லும் தொலைக்காட்சித் தொடருக்காக அவர் தோப்பில் படம்பிடிக்க வந்தவர்கள், இந்த மண்ணின் பேச்சில் ஒரு பாட்டுக் கிடைக்காமல் தவித்து நின்றபோது, நம் வீரர் கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகத்து நோட்டீஸ் ஒன்றின் வெற்று முதுகில், தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்து முடிவதற்குள் எழுதி நீட்டினார்:

“கணவாய்க் காத்தே, கதவத் தட்டாதே,
உள்ள வாரதுன்னா பேரச் சொல்லிட்டு வா.”

இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார். கந்தப்பர் முப்பது ஆண்டுகளாய் எழுதியதெல்லாம் பரண்மேல் பல்லிக்குப் படுக்கையாகிக் கிடக்க, அரங்கேறப்போவது இந்த ஒன்றுதான். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் தொடர். அது முடிந்து எழுத்து ஓடும்போது ‘பாடல்: கந்தப்பன்’ என்று நான்கு நொடி வரும் என அவர்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் சொல்லியிருந்தாள். அந்த நான்கு நொடியை மனைவி மயிலாத்தாள் கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் அந்தோ! எழுத்து ஓடக் கண்டால் ஒருகணமும் பொறாதவள் அம்மாதரசி. ஏழரைக்கு வேறு சேனலில் அவளுடைய சீரியல். ஏழு இருபத்தொன்பதுக்கு ரிமோட்டெனும் கோலேந்தி, இமைப்பதற்குள் சேனல் மாற்றும் அவள் கைவேகத்தின் முன், எந்தத் தொடரின் முடிவெழுத்தும் அவ்வீட்டில் இதுநாள்வரை ஓடி முடிந்ததில்லை. பாட்டெழுதிய சேதியைச் சொன்னபோதுகூட, “அப்புடீங்களா? மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டீங்களா?” என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வி கந்தப்பருக்கு இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை புலர்ந்தது. மத்தியானம் முழுக்க மயிலாத்தாள், கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் கௌசிக்கோடு போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். கந்தப்பர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சூழ்ச்சி சூழ்வதில் மூழ்கியிருந்த அம்மதியூகி, மகன் போன மாதம் வாங்கிக் கொடுத்த புது செட்-டாப் பெட்டியின் ரிமோட்டை ஆறரைக்கே கவர்ந்து சென்று பருத்திக்கொட்டை மூட்டைக்குள் ஆழப் புதைத்தார். கறவைக்குப் பருத்திக்கொட்டை அள்ளப் போனவள் கையில் அது சிக்கியது. தளர்ந்தாரா? அவள் திரும்பிய கணத்தில் பேட்டரி இரண்டையும் உருவி வேட்டியில் முடிந்தார். அவளோ, பழைய கேபிள் ரிமோட்டைத் தேடியெடுத்து, அதன் வயிற்றைப் பிளந்து, இரண்டைப் பறித்து மாட்டினாள்.

“ஏனுங்க, இந்த ரிமோட்டுக்கு இன்னைக்கு என்னமோ கிரகம் புடிச்சிருக்குதுங்க,” என்றாள்.

வீரர் வேட்டி முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஏழு மணி. தொடர் தொடங்கியது. ஏழேகாலுக்குப் பாட்டு வந்தது. தாம் எழுதிய காற்று யாரோ ஒரு பெண்ணின் குரலில் வீசக் கேட்டதும் கந்தப்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மயிலாத்தாளும் அசையாமல் கேட்டாள் என்பது உண்மை. ஆயினும் அவள் கட்டைவிரல் ரிமோட்டின்மேல் பொத்தான் பொத்தானாய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் ஓரக்கண்ணால் கண்டார்.

ஏழு இருபத்தொன்பது! எழுத்துப்படை கீழிருந்து மேலேறி வர, மயிலாத்தாள் வலக்கை உயர்ந்தது. பாய்ந்தார் கந்தப்பர்! நாற்காலி உருள, சொம்பு கவிழ, நெஞ்சை நிமிர்த்தி, கையிரண்டும் விரித்து, தொலைக்காட்சிக்குத் தம் உடம்பையே கோட்டைச்சுவராக்கி நின்று, அண்டை வீடும் கேட்க முழங்கினார்:

“இன்னைக்கு இந்த டிவிய ஆரும் மாத்தப்படாது! மாத்தறதுன்னா என்னையத் தாண்டித்தான் மாத்தோணும்!”

“நகருங்க!” என்று அவள் இடம் சாய்ந்து குறிவைத்தாள், இடம் சாய்ந்து தடுத்தார். “ஐயோ, நகருங்களே!” என்று வலம் சாய்ந்தாள், வலம் பாய்ந்து மறித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனப் போர் நடந்து ஓய்ந்தது. ஒரு கதிரும் அவரைக் கடக்கவில்லை. வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பித் திரையைப் பார்த்தார். சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மயிலாத்தாள் ரிமோட்டை மடியில் போட்டாள்.

“பேரு போயிருச்சுங்க,” என்றாள். “படத்த அப்புடியே நிறுத்தற பொத்தான் ஒண்ணு இருக்குதாமா. கௌசிக்கு மத்தியானம் பூரா சொல்லிக் குடுத்தானுங்க. உங்க பேரு வாரப்ப நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து ஊட்டுல மாட்டலாம்னு இருந்தனுங்க.”

வந்தது அம்பன்று, மாலை! அதை மார்பு கொடுத்துத் தடுத்து, தம் பெயரைத் தம் முதுகாலேயே மறைத்த மாவீரர் மூவுலகிலும் வேறு உண்டோ! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இந்த முப்பது ஆண்டில் இப்படியொரு சந்தோஷத்தை அவர் அறிந்ததில்லை. கவிழ்ந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

பிறகு கந்தப்பர் ரிமோட்டை வாங்கி, அவளுடைய சீரியலை வைத்துக் கொடுத்தார்.