மூன்றாம் மாடிக்கு ஏற்பாடு உள்ளது

மனிதகுலத்தின் கருணை முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை ஒரே அறையில் கூடுகிறது. இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரின் 'புகலிடம் கோருவோர் தங்குமிட ஆதரவுக் குழு'வில், செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, பிஸ்கட்டுடன். நானும் குர்திஸ்தானிலிருந்து ஓடிவந்தவன்தான். இங்கே தங்க அனுமதி கிடைத்த பின் பதினொரு வருடமாக அங்கே மொழிபெயர்ப்பாளன். அந்தக் கருணையை மிக அருகிலிருந்து தரிசித்தவன்.

எங்கள் நாட்டுக்காரன் பஹோஸ், நடக்க முடியாத அக்கா ஷிலானோடு மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தான். சமையல், மருந்து, மருத்துவமனை எல்லாம் அவன்தான். லிஃப்ட் கிடையாது, அக்காவை முதுகில் சுமந்தே ஏற்றி இறக்குவான். தரைத்தள வீடு கேட்டு மனுப் போட்டான்.

தலைவி திருமதி ஹாக்ஸ்வொர்த், அக்காவால் படி இறங்க முடியுமா என்று பரிவோடு விசாரித்தார்.

"முடியாதுங்க. நான்தான் தூக்கிட்டு இறங்குவேன்," என்றான் பஹோஸ். மொழிபெயர்த்தேன்.

"அப்ப இறங்கிடறாங்க இல்லையா? எவ்வளவு நேரமாகும்?"

"நாலு நிமிஷம்..."

எங்கள் அலுவலக லிஃப்டைவிட இது வேகம் என்று குழு வியந்தது. 'மாடி ஏறி இறங்க ஏற்பாடு உள்ளது' என்று பதிவாகி, மனு 'பரிவுடன்' தள்ளுபடியானது.

ஏற்பாடு என்று ஒன்று பதிவானால் அதற்குப் பாதுகாப்புச் சோதனை நடந்தாக வேண்டும். விதியை மீறுகிறவர்கள் அல்ல நாங்கள். சோதனை அதிகாரி திரு. பிரதர்டன் வந்தார், நூற்றுப் பத்து கிலோ, முட்டிவலி. கூட நானும் போனேன். இரண்டாம் மாடியில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்து பார்த்த பஹோஸ், வந்த விருந்தாளியை அப்படி விடக் கூடாதென்று குனிந்து முதுகைக் காட்டினான். அதிகாரி சற்றுக் கூச்சப்பட்டுவிட்டு ஏறிக்கொண்டார். மேலே ஷிலான் உட்கார்ந்தபடியே ஊற்றிக் கொடுத்த தேநீரை உறிஞ்சியபடியே, 'ஏற்பாடு திருப்திகரம். லேசான முனகல் சத்தம் மட்டும் கேட்கிறது' என்று எழுதினார்.

மறுநாள் பஹோஸால் நிமிர முடியவில்லை. இனிப் படியே ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். குழு பதறிப்போய் ஒரே வாரத்தில் தரைத்தள வீடு ஒதுக்கியது. தொண்ணூறு மைல் தள்ளி, அவனுக்கு மட்டும். அக்காவின் நிலையில் 'மாற்றம் ஏதும் இல்லை' என்பதால் அவள் மூன்றாம் மாடியிலேயே இருக்கலாம்.

"அக்கா இல்லாம எனக்கெதுக்குண்ணே வீடு?" என்று அவன் கையெழுத்துப் போட மறுத்தான். 'வழங்கிய வீட்டை மறுத்தவர்' என்று பதிவானது. அவன் பெயரில் இருக்கும் அறையையும் இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை அவர்கள் மொழியில் படித்துக்காட்டும் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

ஷிலான் முழுவதும் கேட்டாள். அழவில்லை.

"அந்த ஐயா என் தம்பி முதுகுல ஏறி வந்தாரே, அது இதுல இருக்கா?"

இல்லை என்றேன்.

"நீங்களும் கூடத்தானே வந்தீங்க. நீங்க என்னத்தைத் தூக்கிட்டு வந்தீங்க?"



"அவரோட குடையை," என்றேன்.