பபியுலஸ் குளம்

வவுனியாவிலிருந்து நெளுக்குளத்தையும் தாண்டிப் போனால் மருதடிக்குளம். ஐம்பத்து நாலாம் ஆண்டு அந்தக் குளத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவு துருப்பிடித்து இறுகி, இனித் திறக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் குளம் நிறையத் தண்ணீர். இந்தப் பக்கம் இளம் பருவத்து நெல் வெடித்த நிலத்தில் வாடி நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய வீரகத்திக்கு அங்கே ஐந்து ஏக்கர். அவர் தமிழில் இரண்டு பெட்டிசம் அனுப்பினார். இரண்டும் கிடைக்கப்பெற்றன என்று நீர்ப்பாசனக் கந்தோர் மிகுந்த மரியாதையோடு அறிவித்தது. கதவு வரவில்லை.

"இங்கிலீசிலை எழுத வேணும், அண்ணை" என்றார் பரமலிங்கம்.

பரமலிங்கம் கொழும்பில் ஆறு மாதம் இருந்தவர். துரைமார் வியந்து சொல்லும் சொற்களை அங்கிருந்து கொண்டுவந்து ஊரெல்லாம் பரப்பியிருந்தார். தேத்தண்ணி மாவலஸ், சுருட்டு வொண்டர்புல், மழை பெய்தால் பன்ராஸ்ரிக், குளம் நிறைந்தால் பபியுலஸ். குறையை வெறுமனே சொன்னால் பெரியவர்களுக்கு மனம் நோகும், முதலில் குளிர்விக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே அவர் எழுதிக் கொடுத்த பெட்டிசம், 'எங்கள் பபியுலஸ் குளத்தின் பன்ராஸ்ரிக் தண்ணீர்' என்று தொடங்கியது.

மூன்றாம் கிழமையே அழைப்பு வந்தது. வீரகத்தி தோய்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். தலைமைக் கிளாக்கர் செல்வநாயகம், அகராதி பாராமல் எந்தக் கடிதத்தையும் மேலே அனுப்பாத நேர்மையாளர்.

"அகராதியிலை பபியுலஸ் எண்டால் கட்டுக்கதையிலை வாறது. பன்ராஸ்ரிக் எண்டால் கற்பனை. இல்லாத குளத்துக்கு நான் எப்பிடிக் கதவு போடுறது?"

"குளம் இருக்குதையா. நான் நெடுகப் பாக்கிறனான்."

"நீர் பாக்கிறது வேறை. எழுதித் தந்தது வேறை."

இருந்தாலும் கந்தோர் அவசரப்படவில்லை. மேற்படி குளம் உண்டா இல்லையா என்று நேரில் ஆராய இஞ்சினியர் ஒருவர் ஜீப்பில் வந்தார். குறிப்பெடுக்கச் செல்வநாயகமும் கூட வந்தார். இஞ்சினியர் ஒரு மணித்தியாலம் குளத்தில் நீந்தினார். கரையேறி, வீரகத்தியின் மனைவி பத்மாசனி வைத்த விரால் மீன் குழம்போடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். பிறகு குளத்தைப் பார்த்து வியந்து தலையை ஆட்டி, "இன்கிறடிபிள்" என்றார். அத்துடன் ஆய்வு இனிதே நிறைவுற்றது.

செல்வநாயகம் ஜீப்பிலேயே அகராதியைத் திறந்தார். நம்பமுடியாதது என்று இருந்தது. குளம் உண்டென்ற கூற்று நேரடி ஆய்வில் நம்பமுடியாததாகக் காணப்பட்டதால், அது குளங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது.

அடுத்த நாள் விடிய வீரகத்தி கதவை நெம்ப அலவாங்கோடு குளத்தில் இறங்கினார். அயலவர்களும் இறங்கினார்கள். கதவு உடைந்தது, பயிர் தப்பியது. அரசாங்கக் கதவை உடைத்த குற்றத்துக்குப் பொலிஸ்காரர் வந்தபோது வீரகத்தி அந்தக் கடிதத்தை நீட்டினார். பொலிஸ்காரர் இரண்டு தரம் வாசித்தார். இல்லாத கதவை உடைக்க ஏலாதுதான் என்று ஒப்புக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

ஊருக்கு அன்றுதான் இங்கிலீசின் அருமை விளங்கியது. எல்லோரும் பரமலிங்கத்தின் வீட்டுப் படலையில் கூடினார்கள். ஒருவர் தன் கிணற்றை பபியுலஸ் ஆக்கினார். இன்னொருவர் தன் மாட்டுப்பட்டியை. கடைசியில், ஒரு உத்தியோகத்தரும் இனி இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று முழு ஊரையும் பபியுலஸ் என அறிவித்துப் பெட்டிசம் போட்டார்கள். முதல் கையெழுத்து வீரகத்தியுடையது. ஜீப் வருவது நின்றது. ஊர் பொங்கிப் படைத்தது.

அடுத்த மாரியில் காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு இரண்டு பேர் விழுந்தார்கள். பத்மாசனியும் பாயோடு படுத்தாள். ஒரு அப்போதிக்கரியையும் மருந்தையும் அனுப்புங்கள் என்று, ஒரு புகழ்ச்சொல்லும் சேர்க்காமல், வீரகத்தி வெறுந் தமிழில் எழுதினார்.

கிழமைகள் கழிந்தன. பத்மாசனியை வவுனியாவுக்குக் கொண்டுபோக அவர் வண்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, முழங்கால் சேற்றைத் தாண்டித் தபாற்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். மருதடிக்குளம் என்றொரு ஊர் இல்லை, அங்கே குடிகளும் இல்லை, ஆகவே எவருக்கும் காய்ச்சல் இருக்க இயலாது என்று மேலிடம் அறிவித்திருந்தது.

வாசித்துவிட்டு நின்ற வீரகத்தியிடம் தபாற்காரர் பற்றுச்சீட்டை நீட்டினார்.

"கையெழுத்துக்குக் கீழை ஊர்ப்பேரையும் வடிவா எழுதிவிடுங்கோ, அண்ணை. இல்லாட்டிக் கடிதம் சரியான இடத்துக்கு வரேல்லை எண்டு கந்தோரிலை என்னை ஏசுவினம்."